கேமராவோடு ஜாஸ் கேட்கப் போகிறவர்களுக்கு

ஜாஸ் கச்சேரியில் படம் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம்? புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். லென்ஸ் பற்றிக் கீழே சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு இசைத்தட்டையாவது திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். மேடையில் அடுத்து யார் வாசிக்கப் போகிறார், எங்கே முடிப்பார், எப்போது டிரம்மர் பக்கம் திரும்புவார் என்பதற்கெல்லாம் பாட்டின் அமைப்பிலேயே குறிப்பு இருக்கிறது. அது காதில் ஏறியவருக்குச் சுமாரான கேமராவே போதும். ஏறாதவர் எவ்வளவு விலையுயர்ந்த கேமரா வைத்திருந்தாலும் அரை நொடி பிந்தித்தான் பட்டனை அமுக்குவார்.

அதனால் வீட்டில் கேட்பதில் தொடங்கி, ரெக்கார்டு வாங்குவது, நேரில் போவது என்று போய்க் கடைசியில் கேமராவுக்கு வருவோம்.

முதலில் எண்ணப் பழகுங்கள்

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் வந்த ஜாஸ் பாட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே எலும்புக்கூடுதான். முதலில் எல்லோரும் சேர்ந்து மெட்டை வாசிப்பார்கள். இதற்கு ஹெட் என்று பெயர். அப்புறம் ஒவ்வொருவராகத் தனியாக வாசிப்பார்கள், அது சோலோ. கடைசியில் மறுபடியும் ஹெட். சோலோ வாசிக்கிறவர் இஷ்டத்துக்கு எங்கேயோ போவதுபோலத் தோன்றும். ஆனால் அடியில் அதே மெட்டின் நீளமும் அதே கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிப்பது) வரிசையும் சுற்றிச் சுற்றி வந்துகொண்டே இருக்கும். அந்த ஒரு சுற்றுக்குக் கோரஸ் என்பார்கள். ஆவர்த்தனம் எண்ணிப் பழகியவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும்.

சுற்று பெரும்பாலும் 12 பார் அல்லது 32 பார் நீளம் இருக்கும். ஒரு பாருக்கு நான்கு எண்ணிக்கை. 12 பார் என்றால் ப்ளூஸ். 32 பார் என்றால் எட்டு எட்டாக நான்கு பகுதிகள். முதல் இரண்டும் ஒன்றுபோல இருக்கும், மூன்றாவது வேறு, நான்காவது மறுபடியும் முதல் மாதிரி. வேறாக வரும் அந்த மூன்றாவது எட்டுக்குப் பிரிட்ஜ் என்று பெயர். பிரிட்ஜ் எப்போது வருகிறது என்று காது சொல்ல ஆரம்பித்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பயிற்சிக்கு டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ ஆல்பத்தின் முதல் பாட்டைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியாது. 1959 மார்ச்சிலும் ஏப்ரலிலும் நியூயார்க்கில் பதிவான ஆல்பம் அது. தொடக்கத்தில் வரும் மெதுவான முன்னுரை முடிந்ததும், தாழ்ந்த ஒலி தரும் பெரிய தந்தி வாத்தியமான பேஸ் ஒரு வரி கேட்க, மற்றவர்கள் இரண்டே கார்டில் பதில் சொல்வார்கள். இப்படி எட்டு பார், இன்னொரு எட்டு. பிறகு எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறும். அதுதான் பிரிட்ஜ். அடுத்த எட்டில் பழைய இடத்துக்கே இறங்கிவிடும். அதன் பிறகு டேவிஸ் இரண்டு சுற்று, சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேளுங்கள். நடுவில் தொலைந்துபோனால் அரை ஸ்வரம் ஏறும் இடத்துக்காகக் காத்திருந்து அங்கே மறுபடியும் ஏறிக்கொள்ளலாம்.

எண்ணுவது பழகியதும் ஒரு முறை முழுக்க பேஸை மட்டும் பின்தொடருங்கள். அடுத்த முறை டிரம்மர் வலது கையால் தட்டும் சிம்பல் என்ற உலோகத் தட்டை மட்டும். இரண்டாவது, நான்காவது எண்ணிக்கையில் காலால் மூடும் ஜோடிச் சிம்பலான ஹை-ஹாட்டின் ‘சிக்’ ஒலி கேட்கிறதா பாருங்கள். ட்ரேடிங் ஃபோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. சோலோக்கள் முடிந்தபின் ஊதுகிறவர் 4 பார், டிரம்மர் 4 பார் என்று மாறி மாறி வாசிப்பது. அதையும் காதில் போட்டு வையுங்கள். பின்னால் படம் எடுக்கும்போது இதுதான் கைகொடுக்கும்.

எங்கே தொடங்குவது

வரலாற்று வரிசையில் தொடங்க வேண்டாம் என்பேன். முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917இல் வந்தது. அங்கிருந்து தொடங்கினால் பழைய பதிவின் இரைச்சலிலேயே ஆர்வம் வடிந்துவிடும். 1950களின் நடுப்பகுதியில் தொடங்குங்கள். காது பழகியபின் பின்னோக்கிப் போய் 1920களின் லூயி ஆம்ஸ்ட்ராங்கைக் கேட்டால் அந்த இரைச்சல் ஒரு பொருட்டாகவே இருக்காது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் பழைய 78 ஆர்பிஎம் தட்டின் ஒரு பக்கத்தில் சுமார் மூன்று நிமிடம்தான் கொள்ளும். அதற்குள் மெட்டு, சோலோ, முடிவு எல்லாம் அடங்க வேண்டும். 1948இல் கொலம்பியா நிறுவனம் 33⅓ ஆர்பிஎம் எல்பியை (லாங் பிளே தட்டை)க் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் இடம் கிடைத்தது. மேடையில் நடக்கும் நீளமான வாசிப்பு ரெக்கார்டில் ஏற அதுதான் வழிவிட்டது. 1956 நியூபோர்ட் விழாவில் டியூக் எல்லிங்டன் குழுவின் சாக்ஸபோன் கலைஞர் பால் கோன்சால்வஸ் ஒரே மூச்சாக 27 சுற்று வாசித்துக் கூட்டத்தை எழுந்து ஆடவைத்தார். 78 தட்டில் அதை எங்கே அடைப்பது?

அந்தக் கச்சேரியின் ரெக்கார்டுக்குப் பின்னால் இன்னொரு கதையும் இருக்கிறது. கோன்சால்வஸ் அன்று ரெக்கார்டு நிறுவனத்தின் மைக்கை விட்டுவிட்டுப் பக்கத்திலிருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். எல்பியில் அவர் எங்கோ தூரத்தில் நின்று ஊதுவதுபோல இருக்கும். போதாததற்கு அந்த எல்பியின் பல பகுதிகள் பிறகு ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டல் சேர்த்தவை. வானொலி நாடா கண்டெடுக்கப்பட்டு, இரண்டையும் இணைத்த பதிப்பு 1999இல்தான் வந்தது. உறையில் ‘லைவ்’ என்று அச்சிட்டிருந்தால் அப்படியே நம்பிவிட வேண்டாம்.

நிஜமான லைவ் எப்படி இருக்கும் என்று கேட்க, பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்த பதிவுகளைத் தேடிப் பிடியுங்கள். மேசையில் கண்ணாடிக் கோப்பைகள் மோதுவது, யாரோ சிரிப்பது எல்லாம் பியானோவுக்கு அடியில் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்காட் லாஃபேரோ அடுத்த மாதம் 6ஆம் தேதி கார் விபத்தில் இறந்துபோனார். பேஸை மட்டும் பின்தொடரச் சொன்னேன் அல்லவா, அதற்கு இந்தப் பதிவைவிட நல்லது கிடைப்பது கஷ்டம்.

ரெக்கார்டு வாங்கும்போது

ஸ்ட்ரீமிங்கில் எல்லாம் கிடைக்கும்போது ரெக்கார்டு எதற்கு? ஒலி உயர்ந்தது என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது உறையின் பின்பக்கம். யார் எந்த வாத்தியம், எந்த நாள் பதிவு, ஒலிப்பதிவாளர் யார், படம் எடுத்தவர் யார் என்று பெரும்பாலும் எல்லாமே அங்கே இருக்கும். அடுத்து என்ன வாங்குவது என்பதற்கும் அதுவே வழிகாட்டி. மேலே சொன்ன டேவிஸ் ஆல்பத்தில் பேஸ் வாசித்தவர் பால் சேம்பர்ஸ். அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் 1957இல் பதிவான கோல்ட்ரேனின் ‘ப்ளூ ட்ரெய்ன்’ வரும். அதில் டிரம்பெட் ஊதும் லீ மார்கனைப் பிடித்தால் இன்னும் பத்து ஆல்பம் வரும். நட்சத்திரங்களின் பெயர்களை விடப் பின்னால் நிற்பவர்களின் பெயர்களைப் பின்தொடர்வது சுவாரசியமானது, ஏமாற்றமும் குறைவு.

டர்ன்டேபிள் வாங்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள். ஊசியைத் தாங்கும் கையான டோன்ஆர்மின் பின்னால் எடையைக் கூட்டிக் குறைக்கும் வசதி இருக்க வேண்டும். ஊசி தட்டின்மேல் எவ்வளவு அழுத்தமாக உட்கார வேண்டும் என்பதை, ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜைத் தயாரித்தவர் குறிப்பிட்டிருப்பார். பெரும்பாலும் 2 கிராமுக்குப் பக்கத்தில் இருக்கும். சூட்கேஸ் வடிவில் வரும் மலிவான பிளேயர்கள் பலவற்றில் இந்த அழுத்தம் அதிகம், மாற்றவும் முடியாது. அப்புறம், ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைப் பெருக்கித் தரும் ஃபோனோ ப்ரீஆம்ப். ஆம்ப்ளிஃபயரிலோ டர்ன்டேபிளிலோ அது உள்ளேயே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தனியாக வாங்குங்கள். ஊசி தேயும் பொருள். பழைய பிளேயர் வாங்கினால் ஊசி புதிது என்று விற்பவர் சத்தியம் செய்தாலும் மாற்றிவிடுவது நல்லது.

பழைய தட்டை வாங்கும் முன் உறையிலிருந்து வெளியே எடுத்துப் பார்க்கச் சங்கடப்படாதீர்கள். விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான மெல்லிய கோடுகள் பெரும்பாலும் ஒலியில் தெரியாது. விரல்நுனியால் லேசாகத் தடவும்போது கீறல் தட்டுப்பட்டால் ஊசிக்கும் தட்டுப்படும். கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து வளைந்திருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். தட்டு பளபளப்பு மங்கிச் சாம்பல் பூத்திருந்தால் பெரும்பாலும் கனமான ஊசியில் ஆயிரம் தடவை ஓடியது என்று அர்த்தம். வேண்டாம். வீட்டில் நிமிர்த்தி அடுக்கி வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாகப் படுக்கவைக்காதீர்கள். வெயில் கூடாது.

முதல் அச்சு, மறுஅச்சு என்று ஒரு பைத்தியம் இந்த உலகத்தில் உண்டு. பாட்டு முடிந்தபின் ஊசி ஓடும் வெற்றுப் பகுதியில் பொறித்திருக்கும் எழுத்துகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிப்பார்கள். ப்ளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு நிறுவனத்தின் பழைய தட்டுகளில் ஒலிப்பதிவாளர் ரூடி வேன் கெல்டரின் முத்திரை அங்கே இருக்கும். பெற்றோர் வீட்டு வரவேற்பறையிலேயே ஸ்டுடியோ வைத்திருந்தவர் அவர். 1959இல்தான் தனிக் கட்டிடத்துக்கு மாறினார். இதெல்லாம் தெரிந்துகொள்ள நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தொடக்கத்திலேயே அதற்காகப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் 1959 முதல் அச்சில் முதல் பக்கம் சற்று வேகமாக ஓடும், சுருதியும் கொஞ்சம் ஏறியிருக்கும். அன்று பதிவு செய்த நாடா இயந்திரம் மெதுவாக ஓடியதுதான் காரணம். 1990களின் மறுபதிப்புகளில்தான் சரிசெய்தார்கள். அப்படிப் பார்த்தால் அன்று ஸ்டுடியோவில் வாசித்த சுருதி பெரும் விலை போகும் முதல் அச்சில் இல்லை.

உறைகளையே பாடப்புத்தகமாக

படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் ப்ளூ நோட் உறைகளைத் தனியாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். பெரும்பாலான படங்களை எடுத்தவர் ஃப்ரான்சிஸ் வுல்ஃப். பெர்லினிலிருந்து 1939இல் நியூயார்க் வந்து, நண்பர் ஆல்ஃப்ரெட் லயனின் ப்ளூ நோட் நிறுவனத்தில் சேர்ந்துகொண்டவர். பதிவு நடக்கும்போதும் ஒத்திகையிலும் கேமராவோடு பக்கத்திலேயே இருப்பார். அவர் படங்களைத் தாறுமாறாக வெட்டி, ஒரே நிறத்தில் தோய்த்து உறையாக்கியவர் ரீட் மைல்ஸ். ‘ப்ளூ ட்ரெய்ன்’ உறையைப் பாருங்கள். கோல்ட்ரேன் வாசிக்கவே இல்லை, ஏதோ யோசனையில் இருக்கிறார். ஊதிக்கொண்டிருக்கும் முகத்தைவிட, ஊதி முடித்தவரின் முகமும் ஊதப்போகிறவரின் முகமும் அதிகம் சொல்லும்.

இன்னொரு ஜாஸ் புகைப்படக்காரர் ஹெர்மன் லியோனார்டின் படங்களில் வெளிச்சம் பின்னாலிருந்து வரும். 1948இல் அவர் எடுத்த சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன் படத்தில் சிகரெட் புகையே பாதிப் படத்தை அடைத்துக்கொண்டிருக்கும். முகத்துக்கு முன்னால் விளக்கு வைத்திருந்தால் அந்தப் புகை இருந்த இடமே தெரிந்திருக்காது. வில்லியம் காட்லீப் வேறு மாதிரி. அவர் பத்திரிகையில் ஜாஸ் பற்றி எழுதியவர். படம் எடுக்க ஆள் வைக்கப் பத்திரிகை பணம் தராததால் தாமே கேமரா வாங்கிக் கற்றுக்கொண்டார். 1938 முதல் 1948 வரை அவர் எடுத்த படங்கள் அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் இருக்கின்றன. 2010இல் பதிப்புரிமையும் நீங்கிவிட்டது. ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து இலவசமாகப் பார்க்கலாம்.

நேரில் போகும்போது

பெரிய விழாக்களை விட்டுவிட்டுச் சின்ன அறைகளைத் தேடுங்கள். நடுவில் இடைவேளை விட்டு இரண்டு செட் நடக்கும் என்றால் இரண்டாவது செட் பெரும்பாலும் நன்றாக இருக்கும், கை இளகியிருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். பியானோ வாசிப்பவரின் கைகளைப் பார்க்க வேண்டுமானால் மேடையைப் பார்த்தபடி உங்கள் இடதுபக்கம் உட்காருங்கள். சோலோ முடிந்ததும் கைதட்டுவது வழக்கம், பாட்டு முடியக் காத்திருக்க வேண்டியதில்லை. பேஸ் சோலோவின்போது மட்டும் வாயைத் திறக்காதீர்கள். மற்ற வாத்தியங்கள் அடங்கியதும் சிலருக்கு இடைவேளை வந்துவிட்டதாக நினைப்பு!

முதல் ஒன்றிரண்டு கச்சேரிகளுக்குக் கேமரா இல்லாமலே போங்கள். வெளிச்சம் எங்கே விழுகிறது, யார் கண்ணசைத்தால் யார் தொடங்குகிறார் என்று கவனித்தாலே போதும்.

கேமரா

அனுமதியை முதல்நாளே கேட்டுவிடுங்கள், இடத்தை நடத்துகிறவரிடமும் முடிந்தால் குழுத் தலைவரிடமும். பெரிய விழாக்களில் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு ‘முதல் மூன்று பாட்டு, ஃப்ளாஷ் கூடாது’ என்பது பரவலான விதி. ஜாஸில் இது ஒரு வரம்தான், மூன்று பாட்டு அரை மணி நேரம் ஓடும். அனுமதி இல்லையென்றால் இல்லை. மறைத்து எடுக்க வேண்டாம்.

லென்ஸ்: 50 மி.மீ., எஃப் 1.8. அவ்வளவுதான். மேடை கொஞ்சம் தள்ளியிருந்தால் 85 மி.மீ. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறக்கும். மங்கலான அறையில் ஜூமைவிட அகலத் திறக்கும் லென்ஸ்தான் உதவும். கேமராவை மேனுவலில் வையுங்கள். எஃப் 2, ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 3200 என்று தொடங்கி அறைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். கேமரா மெருகேற்றாத ரா கோப்பாகவே எடுங்கள். ஆட்டோவில் விட்டால் கறுப்புப் பின்னணியைப் பார்த்துக் கேமரா ஏமாந்து முகத்தை வெள்ளையடித்துவிடும். முகத்தில் விழும் வெளிச்சத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரில் அளந்து, அதிலேயே நின்றுகொள்ளுங்கள். ஃபோகஸுக்கு எரியும் சின்ன விளக்கு, பீப் ஒலி, பின்திரை எல்லாவற்றையும் வீட்டிலேயே அணைத்துவிட்டு வாருங்கள்.

ஓசையில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் கைகொடுக்கும், ஆனால் சில எல்இடி விளக்குகளின் கீழே படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழும். முதல் பாட்டிலேயே ஒரு படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கோடு இருந்தால் ஷட்டர் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், சரியாகவில்லையென்றால் மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி டிரம்ஸ் ஓங்கி ஒலிக்கும்போது மட்டும் அமுக்குங்கள். சிவப்பு, நீல விளக்குகள் முகத்தைத் தின்றுவிடும். அந்தப் படங்களைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுவதில் வெட்கமே வேண்டாம்.

எப்போது அமுக்குவது? எண்ணிப் பழகியதன் பலன் இங்கேதான். சோலோ வாசிக்கிறவர் கடைசிச் சுற்றின் கடைசி எட்டுக்கு வந்துவிட்டார் என்று காது சொன்னதும் தயாராகுங்கள். வாத்தியத்தை வாயிலிருந்து எடுத்து, கண்ணைத் திறந்து, ஓரடி பின்னால் போவார். அந்த இரண்டு நொடியில் அவர் முகத்தில் இருப்பது அதற்கு முன்னும் பின்னும் இருக்காது. ஊதிக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டுமானால் வாக்கியத்தின் முடிவில், மூச்சு எடுக்கும் இடைவெளியில் எடுங்கள். உப்பிய கன்னமும் இறுகிய நெற்றியும் அப்போது தளர்ந்திருக்கும்.

பேஸ் சோலோ வரும்போது எல்லாக் கேமராவும் பேஸ்காரர் பக்கம் திரும்பும். நீங்கள் மற்றவர்களைப் பாருங்கள். டிரம்பெட்காரர் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருப்பார், பியானோக்காரர் மடியில் கை வைத்துச் சிரிப்பார். ஜாஸ் பெரும்பாலும் கேட்பதுதான், வாசிப்பது அப்புறம். கேட்கிறவரின் முகம் உள்ள படங்கள் ஏனோ குறைவாகவே எடுக்கப்படுகின்றன. ட்ரேடிங் ஃபோர்ஸ் தொடங்கினால் ஊதுகிறவரும் டிரம்மரும் ஒரே படத்துக்குள் வரும் இடத்துக்கு ஓசைப்படாமல் நகர்ந்துவிடுங்கள். நான்கு பாருக்கு ஒரு முறை இருவர் கண்ணும் சந்திக்கும், எப்போது சந்திக்கும் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

பாடகரை நேர் எதிரே நின்று எடுத்தால் மைக் வாயை மறைக்கும், பக்கவாட்டுக்குப் போங்கள். டிரம்மர் பிரஷ் வைத்து வாசிக்கும்போது ஷட்டரை 1/60க்கு இறக்கினால் முகம் நிற்கும், கை கரையும். நொடிக்குப் பத்துப் பதினைந்து என்று சுட்டுத் தள்ளும் பர்ஸ்ட் முறை எனக்குப் பிடிக்காது. பக்கத்தில் இருப்பவருக்குத் தொல்லை, வீட்டுக்கு வந்து ஆயிரம் படத்தில் ஒன்றைத் தேடுவது உங்களுக்குத் தொல்லை. ஒரு செட்டுக்கு 36 படம், ஒரு ஃபிலிம் சுருள் அளவு என்று வைத்துக்கொண்டு பாருங்கள். தன்னால் காது கூர்மையாகும்.

வீடு திரும்பியபின்

அன்றிரவே படங்களைத் தேர்ந்தெடுக்காதீர்கள். நல்ல சோலோவின் படமெல்லாம் அன்று நல்ல படமாகத்தான் தெரியும். ஆனால் பெயர்களை அன்றே எழுதிவிடுங்கள்: யார், எந்த வாத்தியம், எந்த நாள், எந்த இடம். 1958இல் ஆர்ட் கேன் ஹார்லெமில் ஒரு வீட்டுப் படிக்கட்டில் 57 இசைக்கலைஞர்களை நிறுத்தி எடுத்த படம் இன்றுவரை பேசப்படுவதற்கு ஒரு காரணம், யார் எங்கே நிற்கிறார் என்று சொல்ல முடிவதுதான்.

தேறிய இரண்டு மூன்று படங்களை இசைக்கலைஞருக்கு அனுப்புங்கள். வெளியிடும் முன் அவரைக் கேளுங்கள், விற்பதென்றால் கட்டாயம் கேளுங்கள். அடுத்த முறை ஒத்திகைக்கே கூப்பிடலாம், வுல்ஃபின் நல்ல படங்கள் பல அங்கே எடுத்தவைதான்.

கோப்புகளுக்கு இரண்டு பிரதியாவது வேண்டும், இரண்டும் வெவ்வேறு கட்டிடங்களில் இருக்க வேண்டும். 2005இல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மூழ்கியபோது ஹெர்மன் லியோனார்டின் வீட்டில் இருந்த சுமார் 8,000 பிரிண்டுகள் அழிந்தன. நெகட்டிவ்கள் வேறு இடத்தில், ஒரு அருங்காட்சியகத்தின் பாதுகாப்பு அறையில் இருந்ததால் தப்பின. ஒரே மேசையில் கணினிக்குப் பக்கத்தில் செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க்கை இரண்டாவது பிரதி என்று கணக்கில் சேர்க்காதீர்கள்.